வெளிப்புற வெளியேறும் படிக்கட்டும் மனை எல்லையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: தீப்பிடித்தால் ஆட்கள் தப்பி இறங்குவதற்காக, எல்லைக்கோட்டுக்கு அருகே வரும் வெளிப்புறப் படிக்கட்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். நான் பேசுவது சர்வதேச கட்டட விதித்தொகுப்பு, அதாவது ஐபிசி பற்றி. அது ஒரு மாதிரி விதிதான். மாநிலமோ நகரமோ அதை ஏற்று, தன் திருத்தங்களையும் சேர்த்த பிறகே சட்டமாகிறது. கலிஃபோர்னியாவின் விதித்தொகுப்பு அப்படி ஐபிசி மீது கட்டியதுதான். ஆகவே உங்கள் திட்டம் இருக்கும் ஊரின் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சார், எல்லோரும் 10 அடி, 10 அடி என்கிறார்கள். அது எங்கே எழுதியிருக்கிறது?

2015 பதிப்பிலிருந்து 1027-ஆம் பிரிவில். 2009, 2012 பதிப்புகளில் அதே விஷயம் 1026-ல் இருந்தது. தேட வேண்டியது அதன் ஐந்தாவது உட்பிரிவு, 1027.5. வெளிப்புற வெளியேறும் படிக்கட்டின் ஓரத்திலிருந்து, லேண்டிங்கையும் (படிகளின் முனையிலும் நடுவிலும் வரும் சமதள மேடை) சேர்த்து, செங்கோணத்தில் அளந்தால் குறைந்தது 10 அடி, அதாவது 3048 மில்லிமீட்டர், தீப்பிரிப்புத் தூரம் (தீயிலிருந்து காக்க விடும் இடைவெளி) இருக்க வேண்டும். எதிலிருந்து? மூன்றைச் சொல்கிறது: பக்கத்து எல்லைக்கோடு, அதே கட்டடத்தின் மற்றப் பகுதிகள், அதே மனையிலுள்ள மற்றக் கட்டடங்கள்.

இந்த மூன்றையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. குழப்பங்களில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

வெளியே இருக்கிற எல்லாப் படிக்கும் இது பொருந்துமா? பின்பக்கம் தோட்டத்துக்கு இறங்க நாலு படி போட்டாலும் 10 அடியா?

இல்லை. கட்டாயமான வெளியேறும் வழியின் பகுதியாக இருக்கும் படிக்கட்டுக்குத்தான் 1027 பொருந்தும். ஒரு மாடிக்கு இரண்டு வெளியேறும் வழி வேண்டும் என்று விதி கேட்டு, அதில் ஒன்றாக நீங்கள் கணக்குக் காட்டுவது இந்தப் படி என்றால் மாட்டிக்கொண்டீர்கள். ஏற்கெனவே தேவையான வழிகள் எல்லாம் இருக்க, வசதிக்காகக் கூடுதலாகப் போட்ட படி என்றால் 1027 அதைத் தொடாது. அதற்கு வேறு விதிகள் உண்டு. சுவரிலிருந்து வெளியே துருத்தும் பகுதிகளை 705.2 கட்டுப்படுத்துகிறது. எல்லையிலிருந்து 2 அடிக்குள் எதுவும் துருத்தக் கூடாது.

வசதிக்கான படி என்று சொன்னால் வரைபடத்தில் அதை எழுதிக் காட்டுங்கள். வெளியேறும் வழிக் கணக்குத் தாளில் அந்தப் படியின் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கணக்கில் எடுத்துவிட்டு இன்னொரு தாளில் வசதிக்கானது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சுவரை எல்லையில் ஒட்டியே கட்ட விடுகிறார்கள். படிக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

சுவர் எரிவதைத் தாங்கும்படி கட்டலாம். எல்லையில் ஒட்டி நிற்கும் சுவருக்குத் தீத்தாங்கும் மணிக்கணக்கு வைத்து, ஜன்னல் எதுவும் விடாமல் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. திறந்த படிக்கட்டில் அப்படி எதுவும் செய்ய முடியாது. அதில் இறங்கிக்கொண்டிருப்பது ஆட்கள். பக்கத்துக் கட்டடம் எரிந்தால் அந்த அனல் நேராக அவர்கள் மேல்தான் விழும். அவர்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு தூரம்.

இந்தக் காரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

அளவு எங்கிருந்து எங்கே வரை எடுக்கணும்? சுவரிலிருந்தா, படியிலிருந்தா?

படியின் வெளி ஓரத்திலிருந்து. வாசல் சுவர் எல்லையிலிருந்து 13 அடியில் இருக்கிறது, படிக்கட்டும் லேண்டிங்கும் 4 அடி வெளியே வருகிறது என்றால் மிச்சம் 9 அடி. தேறாது.

நானே இதில் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு மூன்று மாடித் திட்டத்தில் 10 அடி 0 அங்குலம் என்று பெருமையாகக் குறித்திருந்தேன். அந்த அளவு ஸ்ட்ரிங்கரின், அதாவது படிகளைத் தாங்கும் பக்கச் சட்டத்தின், நடுக்கோட்டுக்கு எடுத்தது. ஸ்ட்ரிங்கரின் பாதி அகலம், அதன் வெளிமுகத்தில் அடித்த தடுப்புக் கம்பியின் தூண், அதன் தகடு எல்லாம் சேர்ந்து சுமார் 5 அங்குலத்தைத் தின்றுவிட்டன. வரைபடத்தைச் சரிபார்த்தவர் சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: ‘ஓரம்?’. அன்றிலிருந்து கட்டமைப்பின் கடைசி இரும்பு வரை அளந்து, அதற்கு மேலும் சில அங்குலம் விட்டுத்தான் போடுகிறேன். வேலியை எல்லை என்று நம்பியும் அளக்காதீர்கள். சர்வேயர் காட்டும் கோடுதான் கோடு.

பக்கத்து மனை காலி இடம்தான். எதுவும் கட்டவே இல்லை. அப்போதும் 10 அடியா?

ஆமாம். இன்று காலி, நாளை அங்கே என்ன வரும் என்று உங்கள் கையில் இல்லை. அதனால்தான் விதி பக்கத்துக் கட்டடத்துக்கு அளக்காமல் எல்லைக்கோட்டுக்கு அளக்கிறது.

நகராட்சி செட்பேக் 5 அடிதான் கேட்கிறது. அதை விட்டுவிட்டேனே, போதாதா?

போதாது. செட்பேக், அதாவது எல்லையிலிருந்து கட்டடத்தைத் தள்ளி வைக்கும் இடைவெளி, நகரமைப்பு விதி. காற்று, வெளிச்சம், தெருவின் தோற்றம் போன்றவற்றுக்காக வந்தது. தீப்பிரிப்புத் தூரம் கட்டட விதி. இரண்டையும் தனித்தனியாகப் பூர்த்தி செய்ய வேண்டும், எது அதிகமோ அதுவே கடைசியில் உங்களைக் கட்டிப்போடும். நகரமைப்புப் பிரிவு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது என்பது கட்டடப் பிரிவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

தெருப் பக்கம் எல்லைக்கும் இதேதானா? அப்படியானால் தெருவைப் பார்த்துப் படி வைக்கவே முடியாதே!

வைக்கலாம். விதி சொல்வது வெறும் தூரம் அல்ல, தீப்பிரிப்புத் தூரம். அந்தச் சொல்லுக்கு ஐபிசி-யில் தனி விளக்கம் இருக்கிறது: உள் எல்லை என்றால் அந்தக் கோடு வரை, தெருவோ சந்தோ பொதுவழியோ என்றால் அதன் நடுக்கோடு வரை, ஒரே மனையில் இரண்டு கட்டடம் என்றால் இரண்டுக்கும் நடுவே போடும் கற்பனைக் கோடு வரை. 40 அடித் தெரு என்றால் நடுக்கோடு உங்கள் எல்லையிலிருந்து 20 அடியில் இருக்கிறது. படி எல்லையைத் தொட்டாலும் தேறும். ஆனால் 12 அடிச் சந்து என்றால் நடுக்கோடு 6 அடியில். மீதி 4 அடியை உங்கள் மனைக்குள்தான் விட வேண்டும்.

பழைய பதிப்புகளில் ‘எல்லைக்கோட்டிலிருந்து 10 அடி’ என்று மொட்டையாக இருந்தது. அந்தப் பதிப்பு அமலில் உள்ள இடத்தில் சிலர் தெருப் பக்கத்துக்கும் அதையே நேர்ப்பொருளில் எடுப்பார்கள். அங்கே முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பின்னால் ரயில் பாதைதான். அங்கே யாரும் வீடு கட்டப் போவதில்லை. அதன் நடுக்கோட்டுக்கு அளக்கலாமா?

தன்னால் கிடைக்காது. பொதுவழி என்றால் மக்கள் பயன்பாட்டுக்கென்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்டு, வானம் பார்த்து, தெருவுக்குக் கொண்டுசேர்க்கும் நிலம். அகலமும் உயரமும் 10 அடிக்குக் குறையக் கூடாது. ரயில் நிறுவனத்தின் நிலம் இதில் வராது. அது இன்னொருவர் சொத்து, அவ்வளவுதான். கால்வாயும் அப்படியே. பூங்கா என்றால் வாதாட இடம் உண்டு, ஆனால் அதிகாரியின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

எல்லைக்கோடு சாய்வாகப் போகிறது. செங்கோணம் என்றால் எதற்குச் செங்கோணம்?

எழுத்துப்படி படியின் ஓரத்துக்கு. ஒரு வரைபடத்தில் லேண்டிங் ஓரத்திலிருந்து செங்கோணத்தில் 10 அடி 2 அங்குலம் வந்தது, ஆனால் அதே மூலையிலிருந்து எல்லைக்குக் குறுக்கே மிகக் குறைந்த தூரம் 9 அடி 8 அங்குலம்தான். விதியின் வார்த்தைப்படி அது தேறும். ஆனாலும் லேண்டிங்குக்கு இன்னொரு ஓரமும் உண்டு, அதிலிருந்தும் செங்கோணம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் எப்போதும் குறைந்த தூரத்துக்கே வடிவமைப்பேன். நாலு அங்குலத்துக்காக ஓர் அதிகாரியோடு வடிவியல் பேசிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

எல்லைப் பக்கம் படிக்கு ஒரு இரண்டு மணி நேரச் சுவர் எழுப்பிவிட்டால் 10 அடி தேவையில்லை அல்லவா? புத்திசாலித்தனமான வழிதானே?

நல்ல யோசனைதான், ஆனால் 1027.5-ல் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. பாதுகாப்புச் சுவர் இருந்தால் தள்ளுபடி என்ற வாசகம் மூன்றாவது வகைக்கு, அதாவது அதே மனையிலுள்ள மற்றக் கட்டடத்துக்கு மட்டுமே. பழைய பதிப்புகளில் எல்லாம் ஒரே நீண்ட வாக்கியமாக இருந்ததால், அந்தத் தள்ளுபடி எல்லைக்கோட்டுக்கும் சேர்த்துதான் என்று பலர் படித்தார்கள். ஆனால் அதன் வார்த்தையையே பாருங்கள்: ‘பக்கத்துக் கட்டடத்தின் வெளிச்சுவர்கள் பாதுகாக்கப்பட்டிருந்தால்’. எல்லைக்கு அப்பால் இருப்பவர் சுவரை நீங்கள் எப்படிப் பாதுகாப்பீர்கள்? பின்னால் வந்த பதிப்புகள் மூன்றையும் எண் போட்டுப் பிரித்ததில் அந்தச் சந்தேகம் போய்விட்டது.

சுவர் போடத்தான் போகிறீர்கள் என்றால் முழுதாகவே மூடிவிடுங்கள். அப்போது அது 1023-ஆம் பிரிவின் உட்புற வெளியேறும் படிக்கட்டு ஆகிவிடும். 10 அடிக் கேள்வியே எழாது, சுவருக்கு 705-ஆம் பிரிவு மட்டும் போதும். செலவு கூடும், தூக்கம் நன்றாக வரும். அரைகுறைச் சுவரோடு போக வேண்டுமென்றால் மாற்று வடிவமைப்பு என்ற விதி (2021 பதிப்பு வரை 104.11) வழியாக அதிகாரியிடம் மனு போடலாம். கிடைத்தால் உண்டு.

கட்டடம் முழுக்க ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இருக்கிறது. குறைப்பு உண்டா?

இல்லை. சுவரில் எத்தனை சதவீதம் ஜன்னல் விடலாம் என்ற 705.8 அட்டவணையில் ஸ்பிரிங்க்ளர் உதவும். படிக்கட்டின் 10 அடிக்கு உதவாது. உங்கள் ஸ்பிரிங்க்ளர் அடுத்தவர் கட்டடத்தில் பிடித்த தீயை அணைக்காது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விதி வெளிப்படிக்குத் ‘திறந்த பக்கம்’ கேட்கிறதே, அது எவ்வளவு திறந்திருக்கணும்? தடுப்புச் சுவர் இருக்கலாமா?

குறைந்தது ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். தூண், உத்திரம், கைப்பிடி, தடுப்பு இருக்கலாம். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு இடை லேண்டிங்கிலும் மொத்தம் 35 சதுர அடி திறப்பு வேண்டும், அதுவும் தரையிலிருந்து 42 அங்குலத்துக்கு மேலேதான் கணக்கு. போட்டுப் பாருங்கள்: லேண்டிங்குக்கு மேல் தெளிவான உயரம் 8 அடி. அதில் மூன்றரை அடி கழித்தால் நாலரை. லேண்டிங் நீளம் 8 அடி என்றால் 36 சதுர அடி. தேறியது, ஆனால் ஒரே ஒரு சதுர அடி வித்தியாசத்தில். அழகுக்காக அங்கே ஒரு மரச் சட்டத் திரை போட்டால் முடிந்தது கதை. இடை லேண்டிங்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அங்கே மேலே போகும் படியின் அடிப்பக்கம் தாழ்ந்து வந்து உயரத்தைத் தின்னும்.

திறந்த பக்கம் வெளி முற்றத்தையோ பொதுவழியையோ பார்க்க வேண்டும். பயத்துக்காக உயரமான தடுப்பு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: உயிர்ப் பாதுகாப்புக்கான தனி ஆவணமான என்எஃப்பிஏ 101, தரையிலிருந்து 36 அடிக்கு மேல் போகும் புதிய வெளிப்படிகளில், உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்காக 48 அங்குல உயரத்துக்குப் பார்வையை மறைக்கும் தடுப்பே கேட்கிறது. இரண்டு ஆவணமும் அமலில் உள்ள இடத்தில் மேலே போட்ட கணக்கை 42-க்குப் பதில் 48 வைத்துத் திரும்பப் போடுங்கள். அதே லேண்டிங் 32 சதுர அடிக்கு இறங்கிவிடும்.

ஒரே மனையில் நமது இரண்டு கட்டடங்கள். கற்பனைக் கோட்டை எங்கே போடுவது?

இங்கேதான் நிஜமாகவே இரண்டு விதமாகப் படிக்கலாம். படி ஓரத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே 12 அடி என்று வைத்துக்கொள்வோம். முதல் வாசிப்பு: 1027.5 ‘மற்றக் கட்டடம் வரை 10 அடி’ என்கிறது, 12 இருக்கிறது, சரி. இரண்டாவது வாசிப்பு: தீப்பிரிப்புத் தூரம் என்றாலே கற்பனைக் கோடு வரைதான், எனவே படிக்கு 10 அடி கொடுத்துக் கோடு போட்டால் அடுத்த கட்டடச் சுவருக்கு மிச்சம் 2 அடி. 3 அடிக்குக் குறைந்தால் அந்தச் சுவரில் ஜன்னலே விட முடியாது.

நான் முதல் வாசிப்பின் பக்கம், ஏனென்றால் விதி கோட்டைச் சொல்லாமல் கட்டடத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனாலும் கோட்டை வரைபடத்தில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பேசுவேன். அடுத்த கட்டடம் நம் கையில் இருப்பதால் அதன் சுவரையும் திறப்புகளையும் 705-க்குத் தக்கபடி பாதுகாத்துவிட்டால் இந்த விவாதமே தேவையில்லை. முன்பு சொன்ன தள்ளுபடி இங்கே உண்மையிலேயே வேலை செய்யும்.

எங்கள் கட்டடம் எல் வடிவம். படி உள்மூலையில் வருகிறது. எதிர்ச் சிறகின் ஜன்னல் 7 அடியில். இது ஒரே கட்டடம்தானே?

பிந்தைய பதிப்புகளில் ‘மற்றப் பகுதிகளைத் தனிக் கட்டடமாகவே கருத வேண்டும்’ என்று எழுதியே இருக்கிறது. எனவே 7 அடி இடிக்கும். கூடவே 1027.6: படியின் ஓரத்துக்கும் கட்டடத்தின் வேறு சுவருக்கும் இடையே கோணம் 180 டிகிரிக்குக் குறைந்தால், 10 அடிக்குள் வரும் சுவருக்கு ஒரு மணி நேரத் தாங்கும் திறனும், அதிலுள்ள திறப்புகளுக்கு முக்கால் மணியும் வேண்டும். உயரத்தில், தரையிலிருந்து மேல் லேண்டிங்குக்கு 10 அடி மேலே வரை அல்லது கூரை வரை, எது தாழ்வோ அது.

அப்படியானால் படிக்குப் பக்கத்தில் அதே நேர்ச்சுவரில் இருக்கும் ஜன்னல்?

நேர்ச்சுவர் என்றால் கோணம் சரியாக 180. ஐபிசி அதைப் பிடிக்காது. என்எஃப்பிஏ 101 பக்கவாட்டில் 10 அடி கேட்கும், அது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். படிக்கு நேர் பின்னால் உள்ள சுவர் வேறு விஷயம். படி நான்கு மாடிகளோ அதற்கு மேலோ இணைத்தால் அந்தச் சுவருக்கு 2 மணி நேரத் தாங்கும் திறன் வேண்டும், குறைந்தால் 1 மணி நேரம். அதில் ஆட்கள் வழக்கமாக இருக்கும் அறைகளிலிருந்து வெளியேறத் தேவையான கதவு தவிர வேறு திறப்பு கூடாது. குளியலறை ஜன்னலைப் படி மேல் திறக்க விடாதீர்கள். விலக்குகள் சில உண்டு: இரண்டு மாடிக்கு மேற்படாத, ஆர்-1 (ஹோட்டல் போன்றவை), ஆர்-2 (அடுக்குமாடிக் குடியிருப்பு போன்றவை) அல்லாத கட்டடங்கள், இரண்டு பக்கமும் படி உள்ள திறந்த பால்கனி போன்றவை.

தனி வீட்டுக்கும் இவ்வளவா?

ஒன்று இரண்டு குடும்ப வீடுகளும் டவுன்ஹவுஸும் பெரும்பாலும் ஐஆர்சி என்ற, வீடுகளுக்கான தனித் தொகுப்பில் வரும். அங்கே இந்த 10 அடி விதி கிடையாது. ஐபிசி-க்குள்ளேயே வரும் ஆர்-3 என்ற சிறு குடியிருப்பு வகையில், தனி வீட்டுக்கு மட்டும் உதவும் படிக்கு 5 அடி போதும் என்ற விலக்கு பிந்தைய பதிப்புகளில் வந்துவிட்டது. ஒரே படியை இரண்டு வீடுகள் பகிர்ந்தால் அந்த விலக்கை நம்பாதீர்கள்.

படி சரியாக 10 அடியில் இருக்கிறது. கீழே இறங்கி, சுவருக்கும் எல்லைக்கும் நடுவே 6 அடிச் சந்து வழியே தெருவுக்குப் போகணும். பரவாயில்லையா?

போகலாம், ஆனால் அந்தச் சந்துக்குத் தனி விதி உண்டு. வெளியேறும் முற்றம், அதாவது தெருவரை கொண்டுசேர்க்கும் திறந்தவெளி, 10 அடி அகலத்துக்குக் குறைந்தால் தரையிலிருந்து 10 அடி உயரம் வரை கட்டடச் சுவருக்கு ஒரு மணி நேரத் தாங்கும் திறன், திறப்புகளுக்கு முக்கால் மணி. 10 பேருக்குக் குறைவாகப் பயன்படுத்தும் முற்றத்துக்கும் ஆர்-3-க்கும் விலக்கு. படி முடிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பழைய தப்பு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் 146 பேர் இறந்த டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில், கட்டடத்துக்கு இருந்த ஒரே வெளிப்புறத் தீயேணி பாரம் தாங்காமல் சரிந்தது. அது இறங்கியதும் தெருவில் அல்ல, பின்பக்கத்து அடைசலான முற்றத்தில்.

தெருவரை போகவே வழியில்லை என்றால், அதே மனையில், கட்டடத்திலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி, ஆளுக்கு 5 சதுர அடி வீதம் பாதுகாப்பான இடம் காட்டலாம்.

பழைய கட்டடம். எல்லைக்கு மூன்று அடிதான் இருக்கிறது. இரண்டாவது வழி கட்டாயம் வேண்டும். என்ன செய்வது?

முதலில் உள்ளே மூடிய படிக்கட்டுக்கு இடம் தேடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்கான ஐஇபிசி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: எல்லைக்கோடு இடம் தராததால், அல்லது கீழே நடைபாதை, சந்து, சாலை இருப்பதால் வெளிப்படி வைக்க முடியாதபோது மட்டும் புதிய தீயேணி போடலாம். ஆனால் அதில் ஏணியோ ஜன்னல் வழி நுழைவோ கூடாது, தேவையான வழிகளில் பாதிக்கு மேல் அதைக் கணக்கில் எடுக்கவும் கூடாது. புதிய கட்டடத்துக்கு இந்தக் கதவு இல்லை.

பக்கத்து மனைக்காரர் நல்ல மனிதர். ‘நான் 10 அடிக்குள் எதுவும் கட்ட மாட்டேன்’ என்று எழுதித் தருகிறார். ஏற்பார்களா?

வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் மாட்டார்கள். அவர் மனையை விற்றுவிட்டால் வாங்கியவரை அந்தத் தாள் கட்டாது. நிலத்தோடு ஒட்டி, பத்திரமாகப் பதிவாகி, நகரத்தின் சம்மதமில்லாமல் ரத்து செய்ய முடியாத ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தின் மீதான உரிமை) என்றால் பல அதிகாரிகள் மாற்று வழியாக ஏற்பதுண்டு. அப்போதும் எல்லைக்கோடு நகர்வதில்லை. அதிகாரி தன் விருப்புரிமையில் தருவது அது. கோட்டையே நகர்த்த வேண்டுமென்றால் பக்கத்து மனைக்காரரிடமிருந்து ஒரு கீற்று நிலத்தை வாங்கி எல்லையைத் திருத்திப் பதிவு செய்வதுதான் சுத்தமான வழி.

ஒரு ஊரில் அனுமதித்தார்கள், அடுத்த ஊரில் அதே படியை மறுக்கிறார்கள். யார் சொல்வது சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். விதிக்குப் பொருள் சொல்லும் அதிகாரத்தை ஐபிசி அந்தந்த ஊரின் கட்டட அதிகாரிக்கே கொடுக்கிறது. ஐபிசி-யை வெளியிடும் ஐசிசி-யின் பணியாளர்கள் தரும் கருத்து மதிப்புள்ளது, ஆனால் அவரைக் கட்டாது. அவர் முடிவு தப்பு என்று நினைத்தால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதற்கு முன், படியின் ஓரம், எல்லைக்கோடு, 10 அடி, அமலில் உள்ள பதிப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து, வடிவமைப்பு இறுகும் முன்பே அவரைப் போய்ப் பாருங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன சம்மதம், ஆய்வுக்கு வேறொருவர் வரும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.